அதிர்ச்சி அலைகளும் அறாத கணக்கும்

நாஞ்சில் நாட்டின் வடகிழக்கு எல்லையில், ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்து, மகேந்திரகிரி ஓங்கி நிற்கின்றது. அம்மலையின் கீழ்ச்சாரலில், திருநெல்வேலி மாவட்டப் பகுதியில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் அமைந்துள்ளது. நம் நாட்டு ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் இயந்திரங்கள், வானில் ஏறுமுன், நிலத்தில் பிணிக்கப்பட்டுச் சோதனை பெறும் இடம் அதுவே. 2014ஆம் ஆண்டு முதல் அது தனி நிலையமாக விளங்கி வருகின்றது.

அவ்வளாகத்தில் 2024ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், சி.இ.20 என்னும் கிரையோஜெனிக் இயந்திரம் கடல்மட்டக் காற்றழுத்தத்திலேயே இயக்கிப் பார்க்கப்பட்டது. திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து உந்துவிசை தருவது இவ்வியந்திரம். சந்திரயான்-3 கலத்தை 2023 ஜூலை 14ஆம் நாள் சுமந்து சென்ற எல்.வி.எம்.3 ராக்கெட்டின் மேலடுக்கில் உழைத்ததும் இதுவே. இதன் ஏற்புச் சோதனைகள், சுற்றியுள்ள அழுத்தத்தை மிகக் குறைத்து வைக்கும் உயர்வானச் சோதனைக் கூடத்தில் நடைபெற்று வந்தன. ஆதலின், கடல்மட்டத்தில் இயக்கியமை ஒரு செய்தியாயிற்று. காற்றில்லா வெளியில் செவ்வனே உழைக்கும் இயந்திரம் நம் ஊர்க் காற்றைக் கண்டு அஞ்சுவானேன்?

இவ்வினாவின் விடை ‘அதிர்ச்சி அலை’ என்னும் இரு சொற்களில் அடங்கும். அதிர்ச்சி அலை என்பது யாது, அது எழும்போது வாயு ஓட்டத்தின் சமன்பாடுகள் என்னவாகின்றன, அவ்வேளையில் எதனைப் பற்றிக்கொண்டு உண்மையை அறிவது என்பனவற்றை ஈண்டு முறையே ஆராய்வோம்.

முதலாவது, காற்றின் இயல்பு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளிற் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். குடை பிடித்து நடப்பவர்க்கு அது பெருங்காற்றே. ஆயினும் காற்றில் ஒலி செல்லும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ஓட்டத்தின் வேகம் ஒலியின் வேகத்திற்கு எத்தனை பங்கு என்பதை மாக் எண் என்பர். நம் கணவாய்க் காற்றின் மாக் எண் 0.05க்கும் குறைவு. காற்றாலையின் இறக்கையில் மோதும்போது இக்காற்றின் அடர்த்தி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மாறும். ஆகவே காற்றாலை அமைக்கும் பொறியாளர் காற்றையும் தண்ணீரைப் போல அமுங்காப் பொருளாகவே கருதிக் கணக்கிடலாம், பெரும்பிழை நேராது.

ராக்கெட் இயந்திரத்தின் நிலை வேறு. சி.இ.20 இயந்திரத்திலிருந்து வெளிப்படும் வாயு, வெட்டவெளியில், நொடிக்கு 4 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்கின்றது. அங்கே வாயு பெரிதும் அமுங்கும், பெரிதும் விரியும். ஒலியின் வேகத்தை விஞ்சிய ஓட்டத்திற்கு மற்றொரு தன்மையும் உண்டு. வாயுவில் ஓரிடத்து நேர்ந்த அழுத்த மாறுதலை மற்றோர் இடத்திற்கு அறிவிக்கும் தூதன் ஒலியே. ஆற்றின் ஓட்டம் நீந்துவோனுடைய வேகத்தினும் மிகுந்தால் அவன் எதிர்நீச்சலிட்டு மேலே செல்ல இயலாது. அவ்வாறே, ஒலியினும் விரைந்த ஓட்டத்தில், முன்னே இருக்கும் தடையைப் பற்றிய செய்தி பின்னே வரும் வாயுவிற்கு எட்டாது. செய்தி எட்டாத வாயு படிப்படியாகத் தன்னை மாற்றிக்கொள்ள வழியின்றித் தடையை நெருங்கி வந்து, ஒரே எட்டில் அழுத்தமும் அடர்த்தியும் வெப்பமும் உயர்ந்து, வேகம் தாழும். அந்த எட்டே அதிர்ச்சி அலை. பறக்கும் துப்பாக்கிக் குண்டின் முன் நிற்கும் இவ்வலையை நிழற்படமாக எடுத்து 1887ஆம் ஆண்டில் வெளியிட்டவர் எர்ன்ஸ்ட் மாக், பீட்டர் ஸால்ஷர் என்னும் இருவர். சாதாரணக் காற்றில் வலிய அதிர்ச்சி அலையின் கனம் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. கணிதத்தில் அதனைக் கனமற்ற எல்லையாகவே கொள்ளலாம்.

தடை இல்லாத இடத்தும் அதிர்ச்சி அலை தானே உருவாகும். இதனை அறியக் கடலைப் பார்ப்போம். நீளமான கடலலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது நொடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் செல்லும். 10 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 10 மீட்டரே செல்லும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமத்ராவின் அருகே எழுந்த சுனாமி நம் குளச்சல், மணக்குடி முதலிய ஊர்களை வந்தடைந்தபோது நிகழ்ந்ததன் ஒரு காரணம் இதுவே. கரையை அணுகிய முன்பகுதி தளர்ந்தது. ஆழத்தில் இருந்த பின்பகுதி விரைந்து வந்து அதனை நெருக்கிற்று. அலை குறுகி உயர்ந்தது. வாயுவிலும் இத்தகைய நெருக்கம் உண்டு. அமுங்கிய பகுதி வெப்பம் மிகுந்ததாதலின் அதில் ஒலி விரைந்து செல்லும். அப்பகுதியின் வாயுவும் முன்னோக்கி நகர்கின்றது. ஆகவே அலையின் முகடு தனக்கு முன்னுள்ள பள்ளத்தை எட்டிப் பிடிக்கின்றது. அலையின் முகப்பு நாழிகைக்கு நாழிகை செங்குத்தாகி, முடிவில் நிமிர்ந்த சுவராகின்றது.

இவ்விடத்திற்றான் கணிதத்திற்கு இடர் நேர்கின்றது. வாயு ஓட்டத்தின் சமன்பாடுகள் ஒவ்வொரு புள்ளியிலும் வேகமும் அடர்த்தியும் மாறும் வீதத்தைக் கொண்டு எழுதப்பட்டவை. சுவர்போல் நிமிர்ந்த இடத்தில் மாறும் வீதத்திற்கு வரையறை இல்லை. அதற்கு அப்பாலும் சமன்பாட்டை அப்படியே நடத்தினால், ஓரிடத்தில் ஒரே கணத்தில் வாயுவிற்கு மூன்று வேகங்கள் உண்டு என்னும் பொருந்தா விடை கிடைக்கும். ஒருவன் ஒரே வேளையில் வடசேரியிலும் கோட்டாற்றிலும் நிற்பதாகச் சொல்வது போன்றது அது.

இவ்விடரை முதலிற் கூர்ந்து நோக்கியவருள் ஒருவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ். 1848ஆம் ஆண்டில் அவர் ஒரு வழி கண்டார். புள்ளிதோறும் மாறும் வீதத்தை விட்டுவிட்டு, சுவரின் இரு புறத்தையும் கணக்குப் பார்ப்போம் என்றார். ஒரு புறத்தில் உட்புகும் பொருள் எவ்வளவோ அவ்வளவே மறுபுறம் வெளியேற வேண்டும், உந்தமும் அவ்வாறே. களஞ்சியத்தின் உள்ளே இருட்டாயிருப்பினும், வாயிலில் வரவும் செலவும் எழுதுவோனுக்கு இருப்பு இவ்வளவு என்று தெரியுமன்றோ? ஆயின் பின்னர் கெல்வினும் ரேலியும் ஒரு குறை காட்டினர். ஸ்டோக்ஸின் கணக்குப்படி சுவரைக் கடக்கும்போது இயக்க ஆற்றல் குறைகின்றது. ஆற்றல் அழியாது என்ற விதி என்னாயிற்று என்று வினவினர். ஸ்டோக்ஸும் இசைந்து, தம் கட்டுரைத் தொகுப்பில் அப்பகுதியை விலக்கிவிட்டார்.

விலக்கப்பட்ட கருத்து சரியானதே. மூன்றாவது கணக்கு மட்டுமே அதில் விடுபட்டிருந்தது. 1860இல் ஜெர்மானியக் கணித மேதை ரீமான் இதனை விரிவாக ஆராய்ந்தார். எனினும் சுவரைக் கடக்கும்போது வாயுவின் என்ட்ரோபி மாறாது என்று கொண்டதால் ஆற்றல் கணக்கில் அவரும் தவறினார். 1870இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கினும், பின்னர் 1887 முதலாக வெளிவந்த கட்டுரைகளில் பிரெஞ்சுப் பீரங்கிப் படையினரான உகோனியோவும் முழு உண்மையைக் கண்டனர். பொருள், உந்தம், ஆற்றல் ஆகிய மூன்றும் காக்கப்படுகின்றன, குறைந்ததாகத் தோன்றிய இயக்க ஆற்றல் வெப்பமாக மாறி வாயுவினுள்ளேயே இருக்கின்றது, என்ட்ரோபி உயர்கின்றது. என்ட்ரோபி உயரும் திசையிலேயே அதிர்ச்சி அலை நிகழும். எதிர்த்திசையில், அமுங்கிய வாயு ஒரே எட்டில் விரிவதென்பது நம் காற்றில் நிகழாது. இவ்விதிகளை இன்றும் ராங்கின்–உகோனியோ விதிகள் என்றே வழங்குகின்றோம். தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் அபர்டீன் ஆய்வுக் கூடத்திற்காக அதிர்ச்சி அலைகள் எவ்வாறு தேய்ந்து மறைகின்றன என்று 1943இல் ஆராய்ந்ததும் இவ்வடிப்படையின் மீதே.

இதன் சிறிய உருவத்தை நம் வயற்புறத்தே காணலாம். கால்வாயின் மதகைச் சற்றே உயர்த்தினால், நீர் அதன் அடியிலே மெல்லிய தகடு போல் விரைந்து பாயும். சிறிது தூரம் சென்றதும் திடீரென எழும்பி நுரைத்து, ஆழ்ந்து, மெல்ல நடக்கும். அந்த நுரைவரம்பே நீரின் அதிர்ச்சி அலை. பாயும் நீரின் ஆற்றலில் ஒரு பகுதி அங்கே சுழலும் நுரையுமாய்ச் சிதறி வெப்பமாகின்றது. அணைகளின் அடிவாரத்தில் கரை அரிக்காதிருக்க இந்த எழுச்சியைப் பொறியாளர் வேண்டுமென்றே உண்டாக்குவதும் உண்டு.

இனி, இக்கட்டுரையின் மையத்திற்கு வருவோம். கணக்குப் பார்த்தால் போதும் என்றோம், எதனைக் கணக்கிடுவது? வழுவழுப்பான ஓட்டத்தில் இவ்வினா எழுவதில்லை. அங்கே ஒரு சமன்பாட்டைப் பல வடிவில் மாற்றி எழுதலாம். எல்லாம் ஒரே விடை தரும். அதிர்ச்சி அலை தோன்றிய பின் அவை வேறு வேறு விடை தரும். எளிய எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். ஒவ்வொரு துகளும் தன் வேகம் மாறாமல் செல்லும் ஓட்டத்தை எண்ணுக. இடப்புறம் வேகம் 1, வலப்புறம் 0. நடுவே அதிர்ச்சி அலை. காக்கப்படுவது வேகம் என்று கொண்டு கணக்கிட்டால் அவ்வலை 1/2 என்னும் வேகத்தில் நகரும். காக்கப்படுவது வேகத்தின் வர்க்கம் என்று கொண்டால் அது 2/3 என்னும் வேகத்தில் நகரும். இரண்டும் ஒரே சமன்பாட்டிலிருந்து பிறந்தவை. பிறப்பித்த முறையில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் அலை ஓரிடத்தில்தான் இருக்க முடியும். எந்தக் கணக்கு உண்மை என்பதைச் சமன்பாடு சொல்லாது. இயற்கையில் மெய்யாகவே காக்கப்படுவது எதுவோ அதுவே சொல்லும்.

கணிப்பொறிகள் வந்தபின் இவ்வுண்மையின் கனம் மிகுந்தது. 1960இல் லாக்ஸ், வெண்ட்ராஃப் என்னும் இரு கணித அறிஞர், காப்பு வடிவத்தைப் பேணும் கணிப்பு முறை ஒரு முடிவை நோக்கி நெருங்குமாயின், அம்முடிவு காப்பு விதிகளுக்கு இணங்கியே நிற்கும் என்று நிறுவினர். அவ்வடிவத்தைப் பேணாத முறையோ, எத்துணை நுட்பமாகக் கணக்கிட்டாலும், அதிர்ச்சி அலையைத் தவறான இடத்தில் நிறுத்திவிடக் கூடும். விடை அழகாகவும் நிலையாகவும் தோன்றும், ஆனால் பொய்யாயிருக்கும்.

பிழையான கணக்கு இன்னும் விந்தையான இடத்திற்கும் இட்டுச் செல்லும். உண்மையான காற்றை எடுத்துக்கொண்டால், மூலக்கூறுகள் சிதையாத அளவில், அதிர்ச்சி அலை எத்துணை வலியதாயினும் அதன் பின்னுள்ள அடர்த்தி முன்னிருந்ததைப் போல் 6 மடங்கிற்கு மேற்படாது. அமுக்க அமுக்க வெப்பம் மிகுந்து, அவ்வெப்பமே மேலும் அமுங்காதபடி எதிர்த்து நிற்பதால் இவ்வரம்பு உண்டாகின்றது. ஆனால் 1995ஆம் ஆண்டில் பார்பரா கீஃபிட்ஸ், ஹெர்பர்ட் கிரான்ஸர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வெளியிட்ட ஆய்வில், சாதாரண அதிர்ச்சி அலையால் விடை காண இயலாத ஒரு சமன்பாட்டுத் தொகுதி ஆராயப்பட்டது. அதற்குக் கிடைத்த விடையில், எட்டின் மீது எல்லையற்ற உயரமுள்ள ஓர் ஊசி நின்றது. உயரம் எல்லையின்றி மிக, அகலம் எல்லையின்றிக் குறுக, இரண்டையும் பெருக்கிய அளவு மட்டும் வரம்புக்குள் நிற்பது இத்தகைய ஊசியின் இயல்பு. பௌதிக அறிஞர் டிராக்கின் டெல்டா என்று மாணவர் படிப்பது இதனையே. இவ்வகை விடைகளைச் ‘சிங்குலர் ஷாக்’ என்பர். நாம் எல்லையிகந்த அதிர்ச்சி அலை என்போம். 2012இல் கீஃபிட்ஸும் காரிஸ் ட்சிக்கோவும் மற்றொன்று காட்டினர். வாயு ஓட்டத்தின் சமன்பாடுகளையே, காக்கப்படாத அளவுகளைக் காக்கப்படுவனவாகக் கொண்டு எழுதினால், அங்கும் எல்லையிகந்த அதிர்ச்சி அலை தோன்றும் என்பதே அது. அங்கே காற்று குற்றமற்றது; குற்றம் கணக்கின் தலைப்பில் உள்ளது.

அப்படியாயின் எல்லையற்ற விடைகளெல்லாம் பொய்யென்று தள்ளிவிடலாமோ? அதுவும் தகாது. இரு திசைகளிலிருந்து களிமண் உருண்டைகள் நேருக்கு நேர் வரிசையாய் வருவதாக எண்ணுக. ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 1 கிலோகிராம். ஒவ்வொன்றும் நொடிக்கு 1 மீட்டர் வேகம். அவை மோதினால் ஒட்டிக்கொள்ளும். எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் அவற்றிற்கு இல்லை. 10 நொடியில் மோதும் புள்ளியில் 20 கிலோகிராம் திரண்டிருக்கும். களிமண்ணின் பருமனைப் புறக்கணித்தால், அடர்த்தி அங்கே எல்லையற்றது. ஆயினும் பொருளின் கணக்கும் உந்தத்தின் கணக்கும் சிறிதும் வழுவவில்லை. இதுவே டெல்டா அதிர்ச்சி அலை. இதே இரு ஓட்டங்களும் காற்றாயிருந்தால், நடுவிலிருந்து இரண்டு அதிர்ச்சி அலைகள் வெளிநோக்கி ஓடி, இடையே அடர்ந்த வாயு ஓய்ந்து நிற்கும். வாயுவின் அழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்தால் அவ்விரு அலைகளும் நெருங்கி, முடிவில் ஒன்றாகி, டெல்டா அலையாகும் என்பதை, என்ட்ரோபி மாறாத வாயுக்களுக்கு, சென், லியூ என்னும் அறிஞர் 2003இல் நிறுவினர். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. டி. ஜோசப், இத்தகைய ஒரு தொகுதியில் மிகச்சிறு பாகுநிலையைச் சேர்த்து, பின் அதனை மறையச் செய்து, டெல்டா விடை இயல்பாகவே எழுவதை 1993இலேயே காட்டியிருந்தார். அண்ட வெளியிலும் இதற்கு இணையுண்டு. அழுத்தமற்ற தூசிபோல் பரவிய பொருள் தன் ஈர்ப்பினால் மெல்லிய தகடுகளாய்த் திரளும் என்று ரஷ்ய அறிஞர் ஸெல்டோவிச் 1970இல் விளக்கினார்; விண்மீன் கூட்டங்கள் பிறந்த வரலாற்றை ஆராய்வோர்க்கு அது அடிப்படையாயிற்று.

எனவே, விடையில் எல்லையின்மை தோன்றினால் இரு வினாக்கள் எழுப்புதல் வேண்டும். நாம் காத்த அளவு மெய்யாகக் காக்கப்படுவதா? நாம் புறக்கணித்த அழுத்தம் மெய்யாகவே புறக்கணிக்கத் தக்கதா? முதல் வினாவிற்கு ‘அன்று’ என்பது விடையானால் கணக்கைத் திருத்துக. இரண்டாவதற்கு ‘அன்று’ என்பது விடையானால் விட்டதைச் சேர்த்துக்கொள்க. இரண்டிற்கும் ‘ஆம்’ என்பது விடையானால், அவ்வெல்லையின்மை மெய்யான ஒரு திரட்சியின் அடையாளம் என்று அறிக.

இப்பொழுது மகேந்திரகிரிக்குத் திரும்புவோம். ராக்கெட் இயந்திரத்தில் நாசில் என்று வழங்கும் உமிழ்குழல் முதலிற் குறுகிப் பின் விரியும். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் டி லவால் தம் நீராவிச் சுழலிக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கையாண்ட வடிவம் அது. குறுகிய கழுத்தில் வாயு ஒலியின் வேகத்தை எய்தும். கழுத்தைக் கடந்தபின், வழி விரிய விரிய, வேகம் கூடி அழுத்தம் குறையும். சி.இ.20 இயந்திரத்தின் குழல்வாய், கழுத்தைப் போல் ஏறத்தாழ 100 மடங்கு பரப்புடையது. வாயிலை அடையும்போது வாயுவின் அழுத்தம் சுமார் 50 மில்லிபார். வெட்டவெளியில் இது நன்மையே. கடல்மட்டக் காற்றின் அழுத்தமோ சுமார் 1,013 மில்லிபார். 20 மடங்கு மிகுதி. குழலின் நடுவே விரையும் வாயுவிற்கு வெளிக்காற்றின் செய்தி எட்டாது. சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் வாயு மெதுவாகச் செல்வதால் அவ்வழியே வெளி அழுத்தம் உள்ளே ஊர்ந்து ஏறுகின்றது. குழலினுள்ளேயே அதிர்ச்சி அலை எழுந்து, ஓட்டம் சுவரை விட்டுப் பிரிகின்றது. பிரியும் இடம் ஓரிடத்தில் நில்லாமல் அலைவதால் குழல் கடுமையாக அதிரும். பிரியும் வரம்பில் வெப்பமும் தாக்கும். குழல் சிதையவும் கூடும். 2024 நவம்பர்ச் சோதனையில் குழலைக் காக்கும் புதிய அமைப்பொன்றைப் பொருத்தி இவ்விடர் தவிர்க்கப்பட்டது. செலவும் சிக்கலும் குறைந்த சோதனைக்கு அது வழி திறந்தது.

இவ்வியந்திரமே, மனிதரை வானிற்கு அனுப்பும் ககன்யான் திட்டத்திற்குத் தகுதி பெற்றதாக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. குழலினுள் அதிர்ச்சி அலை எங்கே நிற்கும் என்று கணக்கிடுவோன் 1/2 என்பதற்குப் பதில் 2/3 என்று எழுதினால், கட்டுரைத் தாளில் இழப்பது சில மதிப்பெண்களே. இங்கே உலோகமும் உழைப்பும் இழப்பாகும், மனித உயிருக்கே இடர் நேரவும் கூடும்.

நம் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் பயிலும் மாணவர், வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறைகளை ஆண்டுதோறும் கற்கின்றனர். அம்முறைகள் ஓரெல்லைவரை துணை செய்யும். அவ்வெல்லையில் சமன்பாடு முறிந்தால், சமன்பாடு எதனின்று பிறந்ததோ அந்தக் காப்பு விதிக்கே திரும்புதல் வேண்டும். ஸ்டோக்ஸ் போன்ற பேரறிஞரும் ஆற்றல் கணக்கு முடியாத காரணத்தால் தம் சரியான கருத்தைக் கைவிட நேர்ந்தது. வெப்பத்தையும் வரவில் எழுதியபோது அது நிலைபெற்றது. பாடநூலில் ஒரு சமன்பாட்டைக் காணும்தோறும், ‘இது எதனைக் காக்கின்றது?’ என்று வினவும் பழக்கத்தை நம் மாணவர் கைக்கொள்வாராக.